கணினி காட்டிய நேரம்

"எறும்பை மிதிச்சாக்கூட வருத்தப்படுறவன் மேடம் என் தம்பி" என்றாள் அக்கா. வாயிற்பதிவேட்டின் நகலை ஆய்வாளரின் மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

தம்பி வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில் வாயு கசிந்து ஒரு தொழிலாளி செத்துப்போயிருந்தார். கசிவு எச்சரிக்கையை யாரோ கணினி வழியாக அணைத்திருந்தார்கள். கணினிப் பதிவில் இருந்தது தம்பியின் பெயர். நேரம் மதியம் 1.40. வாயிற்பதிவேட்டின்படி அவன் வேலை முடிந்து வாசலைத் தாண்டியது 2.05. தன் பெயரில் திறந்த திரையை அப்படியே விட்டுப் போனதாகச் சொன்னான். அடுத்த ஷிப்டுக்கு வந்தவரோ தான் எதையும் தொடவில்லை என்று சாதித்தார். தம்பி சிறைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது.

கணினியைக் கைப்பற்றி வந்த ஏட்டுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்று நாற்பதுக்கே அணைத்திருக்கிறான், கதை முடிந்தது என்றார். கணினித் தடயப் பிரிவுக்கு வந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆய்வாளர் கணினியின் மூடியைக் கழற்றினார். உள்ளே கடிகாரத்துக்கான குட்டி பேட்டரி உப்பிக் கிடந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரமும் நின்று நின்று ஓடியிருக்கும். வெளி இணைப்பே இல்லாத கணினி. தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. இப்போது அது ஏதோ பழைய வருஷத்தைக் காட்டியது.

"ஒயரைப் பிடுங்குறதுக்கு முன்னாடி திரையில மணி என்னன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். பத்து அம்பது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்குன்னு நினைச்சேன்."

ஆய்வாளர் கைப்பற்றல் படிவத்தின் நகலை அவர் முன் நகர்த்தினார். அதில் இரண்டு கட்டங்கள்: கைக்கடிகார நேரம், கணினி காட்டிய நேரம். இரண்டிலும் அழகான கையெழுத்தில் 11.30.

ஏட்டு இரண்டு கட்டங்களிலும் விரலை வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்னு வாட்ச் மணியையே எழுதிட்டேன்..."

"நாற்பது நிமிஷம் பின்னாடி ஓடியிருக்கு. கசிவுக்கப்புறம் நீங்க பிடுங்குற வரைக்கும் கரண்டும் போகலை. அப்போ பதிவுல இருக்கிற ஒண்ணு நாற்பது, நிஜத்துல ரெண்டு இருபது. பையன் வெளியே போய் கால் மணி நேரம் ஆச்சு."

கண்டுபிடித்த மகிழ்ச்சி அவர் குரலில் துளியும் இல்லை. கணினி சரியான நேரம் காட்டியது என்று காவல்துறையே எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட தாள் அது. நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. வேறு எந்தத் தடயமும் அந்த இயந்திரத்தில் மிச்சமில்லை.

தப்பாக எழுதியது தான்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்கிறேன் என்றார் ஏட்டு.

"சொல்லுங்க. உங்களை யாரோ விலைக்கு வாங்கிட்டாங்கன்னுதான் பேசுவாங்க. வேலையும் போகும். ஆனாலும் சொல்லுங்க."

இருவரும் வெளியே வந்தார்கள். அக்கா எழுந்து நின்றாள்.

"உங்க தம்பி செய்யலைம்மா. எங்களுக்குத் தெரியும். ஆனா..."

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "அம்மா, போலீஸே சொல்லிட்டாங்கம்மா. தம்பி வந்துடுவான். அவன் படுக்கையைத் தட்டிப் போடு."