பன்னிரண்டாவது ரத்து

அச்சுப்பொறியிலிருந்து தாள் பாதி வெளியே வந்து நின்றது. ரத்துப் பொத்தானிலிருந்து விரலை எடுத்த மரியபுஷ்பம், இங்கே எதற்கு வந்தோம் என்று யோசித்தாள். தெரியவில்லை. இருக்கைக்குத் திரும்பினாள்.

மாநகரக் குடிநீர்ச் சோதனை அலுவலகத்தில் இது யாருக்கும் விநோதமில்லை. ரத்தான ஆவணம் வெளியே கசியக் கூடாது என்று வந்த ஏற்பாடு. பொத்தானை அழுத்தினால் கணினியிலிருந்து கோப்பு போகும்; நெற்றியில் பதித்த சில்லு வழியாக, படித்தவர் தலையிலிருந்து விஷயமே போகும். பக்க விளைவு, உணர்ச்சி கொஞ்சம் மரத்துப்போவதுதான். மனசு லேசாக வீட்டுக்குப் போகலாம் என்று ஊழியர் சங்கமே வரவேற்றது.

பாதி அச்சான தாளை அரவைப் பொறியில் போட்டு அரைத்துவிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஊர் இது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் தாளை அரைக்க யாருக்கு மனசு வரும்? உதவியாளர் காத்தமுத்து அவற்றைப் படிக்காமலே கிளிப் போட்டு, குறிப்பெழுத அவரவர் மேசையில் வைத்துவிடுவார்.

மதியம் மரியபுஷ்பம் குறிப்பெழுத ஒன்றை உருவியபோது தாள் புரண்டது. "ஏழாம் தொட்டி நீரில் ஈயம், அனுமதித்த அளவைப்போல் ஒன்பது மடங்கு. நீர் வழங்கலை உடனே நிறுத்த" என்பதோடு நின்றிருந்தது. சோதித்தவர் என்று அவள் பெயர். கட்டைப் புரட்டினாள். அதே அறிக்கை பதினொன்று. முதலாவது பிப்ரவரி; உருவியது ஆகஸ்ட், இன்றைய தேதி. ஐந்து தாள்களின் மேல் ஓரத்தில் அவள் கையெழுத்து: "ஜெனிட்டாவுக்குக் கேன் தண்ணீர் சொல்லணும்." பொறி 'உறுதியா?' என்று கேட்டுக் காத்திருக்கும் பத்து விநாடியில் கிறுக்கியிருக்க வேண்டும்.

ஜெனிட்டா அவள் மகள், ஆறு வயது. வீட்டுக் குழாயில் வருவது ஏழாம் தொட்டித் தண்ணீர். நாலைந்து மாதமாக வயிற்று வலி என்கிறாள். பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். ஊரைக் கைவிட்டு மகளை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று மரியபுஷ்பம் ஐந்து முறை கணக்குப் போட்டிருக்கிறாள். பொத்தானை அழுத்தியதும் கணக்கு மறந்து, மகளும் ஊரோடு போய்விட்டாள். இப்போது அழுகை வரவில்லை. அழ வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது.

அறிக்கையை மறுபடி தட்டச்சு செய்து அச்சுக்குக் கொடுத்தாள். தாள் வரத் தொடங்கும்போது மேலதிகாரி அகத்தியலிங்கம் வந்து பொறியை நிறுத்தி வைத்தார். பதினொரு தாளையும் நீட்டினாள். ஒவ்வொன்றாகப் படித்தார்.

"நான்தான் ரத்து பண்ணச் சொல்லியிருப்பேன், இல்லம்மா?"

"இருக்கும் சார். எனக்கும் ஞாபகமில்ல."

"தொட்டிய மூடினா நாப்பதாயிரம் வீட்டுக்குத் தண்ணி கிடையாது. தேர்தல் வேற வருது. மேல அனுப்பினா கிணத்துல போட்ட கல்லு, நமக்குத்தான் மாறுதல் வரும்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பதினொரு தடவை வராத தைரியம் இன்னைக்கு மட்டும் எங்கேருந்து வரப்போகுது?"

கோபம் வரும் என்று அவள் சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

"ஒரு போன் பண்ணிக்கிறேன் சார்."

கேன் தண்ணீர்க்காரரிடம் முகவரி சொன்னாள். இன்று மாலையிலிருந்து தினமும் ஒன்று, குழந்தைக்கு. இந்தத் தடவை குறித்து வைக்கவில்லை, சொல்லியே விட்டாள். அந்த மட்டில் சமாதானம். அகத்தியலிங்கம் பதினொரு தாள்களையும் தன் கையாலேயே அரவைப் பொறியில் போட்டார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

மாலையில், தோளில் கேனோடு ஒருவர் வீட்டு வாசலில் நின்றார்.

"மத்தியானம் போன்ல சொன்னீங்களேக்கா, தினமும் ஒண்ணு போடச் சொல்லி."

"நானா? நாங்க கேன் வாங்கறதே இல்லையே."

"பாப்பாவுக்குன்னு சொன்னீங்க. முகவரி கூட இதுதான்."

"வேற யாராவது மாத்திச் சொல்லியிருப்பாங்க. எங்க குழாய்த் தண்ணியே நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் மரியபுஷ்பம். "நான்தான் டெஸ்ட் பண்றேன்."