கல்லில் ஒட்டிய தாள்

தாள் இன்னும் காயவில்லை. மத்தியானம் ஒட்டியது, பக்கத்திலேயே ஹீட்டர் எரிகிறது, அப்படியிருந்தும் மாலை ஐந்து மணிக்கு அதன் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கசிந்துகொண்டே இருப்பதைக் கையில் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள் மரியகொறற்றி.

புலம்பெயர்ந்து வந்த லா ஷப்பலில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்தச் சிற்பப் பட்டறையைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. கொரியாவிலிருந்து அங்கே வந்திருந்த கல்வெட்டு ஆளுயரத்துக்கும் மேல்; கல்லில் செதுக்கிய ஆமை ஒன்று முதுகில் சுமக்க, மேலிருந்து கீழாக வரிவரியாய் எழுத்து. மெல்லிய தாளை நனைத்து ஒட்டி, மைப்பொதியால் ஒற்றி ஒற்றி எழுத்துகளைப் படியெடுப்பவன் புதுச்சேரிக்காரன் பிலிப்.

"யாற்றை கல்லறை தம்பி இது?" என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"கல்லறை இல்லக்கா. முன்னூறு வருசத்துக்கு முந்தி ஒரு அதிகாரி, பெரிய படிப்பாளி. பஞ்சத்துல வரியத் தள்ளிட்டாருன்னு ஊர்சனம் நட்டது. அதுவும் அவரு உயிரோட இருக்கும்போதே!"

பாவி மனசு 'உயிரோட' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. அவள் புருஷன் யோனை மன்னாரில் ஆமிக்காரர் ட்ரக்கில் ஏற்றிப்போய் இரண்டு வருடம். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. நாளை மறுநாள் சகல ஆத்துமாக்களின் திருநாள். "செத்தவையின்ரை பூசைக்கு அண்ணையின்ரை பேரைக் குடுப்பம் மச்சாள்," என்று கொழுந்தன் கபிரியேல் நேற்றும் கெஞ்சினான்.

"குடுத்தால், அவர் செத்திட்டார் எண்டு நானே சொன்ன மாதிரியல்லோ? மாட்டன்!"

அதனால்தான், ஊரில் மடு மாதாவுக்கு விண்ணப்பம் எழுதி வைப்பது போல, மத்தியானம் பிலிப் கை கழுவப் போன நேரம் யோனின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஈரத்தாளுக்கு அடியில் செருகிவிட்டிருந்தாள். உயிரோடு இருப்பவர்களுக்கான கல்தானே, அவரையும் காப்பாற்றட்டும்.

பிலிப் நாலு மணிக்கே போய்விட்டான். ஜன்னலில் வெளிச்சம் மங்க, சீமெந்துத் தூசியும் மையும் மணக்கும் அந்த அறைக்குள் எங்கிருந்தோ உப்பு வாடை வந்தது, ஈரமணல் வாடை, கரையில் ஒதுங்கிய பாசியின் வாடை.

தாள் பொம்மியது. உள்ளே போனது. மறுபடி பொம்மியது.

மூக்கு. கண்குழிகள். யோனின் அந்தத் தாடை.

"இஞ்சாருங்கோ!" துடைப்பம் விழுந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "எனக்குத் தெரியும். நீங்கள் இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்!"

வாய் இருந்த இடத்தில் தாள் கிழிந்தது. ஈரமணல் கொட்டியது.

"கொறற்றி." அவன் குரலேதான். "பூசைக்கு என்ரை பேரைக் குடும். மண்ணுக்கை கிடந்து களைச்சுப் போனன்."

"இல்லை."

"நான் செத்து..."

அவள் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள். ஐயோ, எவ்வளவு குளிர். விரலிடுக்கால் மணல் வழிந்தது. மற்றக் கையையும் வைத்து, முழுப்பாரத்தையும் போட்டு அழுத்தினாள்.

"சொல்லாதேங்கோ, என்ரை ராசா. சொல்லாதேங்கோ."

அவள் உள்ளங்கைக்குக் கீழே உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.