நைல் நதிக்குக் களைப்பு

வினுஷாவுக்குக் கை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. மேடைக்குப் பின்னால் நடந்த ஒத்திகையில், அம்மாவின் நீலச் சேலையை அவள் ஒருத்தியே வெகுநேரமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சேலைதான் நைல் நதி.

வென்ட்வேர்த்வில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அன்று நதிகள் விழா. பல நூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கதையை நடிப்பது இவர்கள் குழு. வசனம் எழுதியது வினுஷா. அட்டை வாள் வெட்டியதும் வினுஷா. விடியற்காலையில் நீச்சல் வகுப்பு வேறு. ஆனால் வேடம் போடும்போது மட்டும் ராகவேந்திரா சுல்தான் ஆகிவிட்டான், நவீன்ராஜ் குதிரைப்படைத் தளபதி ஆகிவிட்டான். மிச்சம் இருந்தது நதிதான்.

"நான்தான் நடுவுல நிப்பேன். நான் சுல்தான்!" என்றான் ராகவேந்திரா.

"அப்ப என் குதிரை எங்க நிக்கும்? நகருடா!" என்றான் நவீன்ராஜ். அவனுடைய குதிரை ஒரு துடைப்பம்.

வாளும் வாளும் மோதின. அட்டை இரண்டாக மடிந்தது. அடுத்ததாக மேடை ஏற வேண்டியவர்கள் அவர்கள்தான். இப்படியே போனால் நாடகம் குட்டிச்சுவர்தான் என்று நினைத்தபோது வினுஷாவுக்கு அழுகை வந்தது. சண்டை பிடிக்கக்கூட அவளிடம் தெம்பில்லை. சேலையைத் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், நதி ஏன் நின்னுடுச்சு?" என்றான் ராகவேந்திரா.

"இந்த வருசம் நைல் பெருகேல்ல," என்றாள். "அதுக்குக் களைச்சுப் போச்சு."

"பரவாயில்ல. நாங்க போருக்குப் போறோம்," என்றான் நவீன்ராஜ்.

"எதில போவாய்? வெள்ளம் வந்தாத்தான் வயலுக்கு வண்டல் வரும். இல்லாட்டி உனக்குக் கோதுமையும் இல்லை, குதிரைக்குப் புல்லும் இல்லை."

நவீன்ராஜ் துடைப்பத்தைத் தடவிக் கொடுத்தான். "பாவம்டா, பட்டினி."

"என்கிட்டதான் கஜானா இருக்கே!" என்றான் சுல்தான்.

"விளைஞ்சாத்தானே வரி வரும்? உண்மையான சுல்தானே நைல் பெருகுதா எண்டு ஒவ்வொரு வருசமும் பாத்துக்கொண்டு இருந்தவராம்."

ராகவேந்திரா தலையைச் சொறிந்தான். தலைப்பாகை சரிந்தது. "சாரி வினுஷா. கை ரொம்ப வலிக்குதா?"

"ஓம். தோளும் உளையுது. நீங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடியுங்கோ."

"அப்ப நடுவுல யாரு?"

"நதிதான்!"

திரை விலகியது. சுல்தான் ஒரு கரையிலும் தளபதி மறுகரையிலும் சேலையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தார்கள். நடுவில், சேலைக்கு அடியில், நைல் நதி கண்ணை மூடிப் படுத்திருந்தது.

"பெருகி வா நதியே!" என்று சுல்தான் கெஞ்சினார்.

இன்னும் ஒரு தடவை கெஞ்சட்டும் என்று வினுஷா சுகமாகப் படுத்திருந்தாள்.