கறுப்புச் சீட்டு

அர்லீன் பனேஸ் அந்த முகாமில் வந்து இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம். காலையில் இலோயிலோ நகரத்தில் பஸ் ஏறும்போது வெயில் சுட்டெரித்தது. மலையடிவாரம் நெருங்க நெருங்க வானம் இருண்டு, முகாம் வாசலில் காவலாளி அவள் பையைத் திறந்து பார்க்கும்போது மழை கொட்டத் தொடங்கியிருந்தது.

"புது நர்ஸ் அதிகாரியா, மேம்?" என்றான் காவலாளி.

"இன்னும் இல்லப்பா. பாஸ் பண்ணாத்தான்."

சொல்லும்போதே அந்த 'மேம்' அவளுக்கு இனித்தது. தனியார் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக வேலை செய்தும், நேற்று டாக்டரான பையன்கூட அவளை "ஏய், நர்ஸ்" என்றுதான் கூப்பிடுவான். கூடப் படித்தவர்கள் எல்லாம் சவுதிக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். அவளுக்கு மட்டும் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பரீட்சை ஒவ்வொரு முறையும் காலை வாரிவிட்டது. ரிசர்வ் படையில் நர்ஸ் அதிகாரி என்றால் தோளில் ஒரு பட்டை கிடைக்கும். மாதத்தில் சில நாட்களாவது நாலு பேர் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார்கள். அது போதும் என்று அவள் நினைத்தாள்.

பயிற்சிக்குப் பொறுப்பு கேப்டன் சோலெடாட் லகுனா. நரைத்த முடியை இறுகக் கொண்டை போட்டிருந்தவள், சிரிக்காமலே கை குலுக்கினாள்.

"இன்னிக்கு மத்தியானமே உனக்குக் கடைசிச் சோதனை. பழைய வார்டுல. சாப்பிட்டுட்டு வா."

பழைய வார்டு முகாமின் பின்கோடியில், மூங்கில் புதருக்கு நடுவே இருந்தது. நீண்ட தகரக் கூரை. மழை அதன்மேல் அறைந்த அறையில் பேச்சே கேட்கவில்லை. ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை, டெட்டால் போட்டுக் கழுவியும் போகாத ஏதோ ஒன்று. மின்சாரம் போயிருந்தது. இரண்டே இரண்டு அரிக்கேன் விளக்குகளை உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் கட்டில்கள். அவற்றில் காயம்பட்டவர்களாக நடிக்கும் படைவீரர்கள் முனகிக்கொண்டு கிடந்தார்கள்.

"மேம், என் குடலைப் பாருங்க மேம்! சமையக்கட்டு நூடுல்ஸு, கெட்சப்ல ஊறப் போட்டது. பசிக்குது, தின்னுடவா?" என்றான் முதல் கட்டிலில் இருந்தவன்.

"வாயை மூடுடா பிணமே!" என்று அதட்டினார் சார்ஜென்ட் டெல்ஃபின். மதிப்பெண் போடுகிறவர் அவர்தான். அர்லீனிடம் ஒரு கட்டுச் சீட்டுகளை நீட்டினார். "சிவப்பு உடனே தூக்கணும். மஞ்சள் காத்திருக்கலாம். பச்சை நடந்துடுவான். கறுப்பு... கைவிட்டாச்சு. யோசிக்க நேரம் கெடையாது மேம். கட்டிட்டுப் போயிட்டே இருங்க."

அர்லீன் கட்டிக்கொண்டே போனாள். அவசரப் பிரிவில் ஊறிய கை அவளுடையது. தொடை உடைந்தவன், கண்ணில் அடிபட்டவன், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே செத்துக்கொண்டிருந்தவன். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் சீட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வார்டின் பாதியைத் தாண்டியதும் விளக்கு வெளிச்சம் பின்தங்கிவிட்டது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கோ இருட்டில் விழுந்துகொண்டிருந்தது.

சுவரை ஒட்டி, கோடியில் தனியாக ஒரு கட்டில்.

அதில் கிடந்தவன் முனகவில்லை. முப்பது வயது இருக்கலாம். வயிற்றில் கட்டுப்போட்ட துணி நனைந்து கறுத்திருந்தது. கெட்சப் வாடை இல்லை.

"மனாங்..." என்றான். அந்தப் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "தண்ணி இருக்கா, மனாங்?"

"வயித்துல அடிபட்டா தண்ணி தரக்கூடாது தம்பி. நல்லா நடிக்கிற," என்று சொல்லிக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பனிக்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது.

விரல்களை அழுத்தித் தேடினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கிடைத்தது. மெலிதாக, வேகமாக, நூல் இழை துடிப்பதுபோல. மருத்துவம் தெரிந்தவனால்கூட அப்படியொரு நாடியை நடிக்க முடியாது. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"இருக்குல்ல?" என்று கிசுகிசுத்தான். "நான் இருக்கேன்ல, மனாங்?"

"இருக்கு," என்றாள், தன்னை அறியாமல்.

பின்னாலிருந்து சார்ஜென்ட்டின் குரல் மழையைத் தாண்டி வந்தது. "ஹெலிகாப்டர்ல ஒரே ஒரு இடம்தான் பாக்கி, மேம்! இங்க மேஜருக்குக் கால் ஒடைஞ்சிருக்கு. மேஜரை ஏத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. என்ன பண்றீங்க?"

உடைந்த கால் இரண்டு நாள்கூடக் காத்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். அந்த ஒரே இடம் யாருக்குப் போக வேண்டும் என்பது நர்ஸிங் கல்லூரி முதல் வருஷத்துப் பெண்ணுக்கும் தெரியும்.

ஆனால் உத்தரவு வந்துவிட்டது. சார்ஜென்ட் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். இதில் தோற்றால் மறுபடி அந்த ஆஸ்பத்திரி, மறுபடி அந்த 'ஏய்'. எல்லாம் வெறும் விளையாட்டுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"மேஜரை ஏத்துங்க, சார்ஜென்ட்!"

கட்டில்காரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கறுப்புச் சீட்டை உருவி, அந்தக் குளிர்ந்த மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, மனாங்," என்றான்.

அவ்வளவுதான்.

விசில் ஊதியதும் செத்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டு, சாயத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பிக்கு ஓடினார்கள். சீட்டுகளைத் திரும்ப வாங்க அர்லீன் கோடிக்குப் போனாள்.

அங்கே கட்டில் இல்லை.

பெயர்ந்த சிமெண்டுத் தரை. அதன்மேல் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. சுவரோரமாக ஒரு மரவட்டை ஊர்ந்து போனது.

"சார்ஜென்ட், இங்க ஒரு ஆள் படுத்திருந்தாரே?"

டெல்ஃபின் அவளைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தார். "கேப்டனைக் கேளுங்க, மேம்," என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே நடந்தார்.

கேப்டன் லகுனா வார்டு வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கலர் கட்டின?"

"கறுப்பு."

கேப்டன் கண்ணை மூடித் திறந்தாள். அதில் கோபம் இல்லை, களைப்பு மட்டும்தான்.

"மலைமேல சண்டை நடந்த காலம். அவன் ஒரு கார்ப்பரல். ஹெலிகாப்டர்ல ஒரு இடம்தான் இருந்துச்சு. கால் ஒடைஞ்ச மேஜரை ஏத்தினாங்க. இவன் கையில கறுப்பு கட்டினவ ஒரு ரிசர்வ் லெப்டினென்ட், நம்ம மாதிரி நர்ஸ். உயிர் இருக்குன்னு தெரிஞ்சுதான் கட்டினா. சாயங்காலம் வரைக்கும் தண்ணி கேட்டுக்கிட்டே கெடந்தானாம்."

"அந்த நர்ஸ்?"

"மெடல் குடுத்தாங்க. இப்ப டெக்ஸஸ்ல இருக்கா. பேரன் பேத்தியோட."

மழை கொஞ்சம் குறைந்தது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகின.

"தெரிஞ்சும் ஏன் கேப்டன் இங்கயே சோதனை வைக்கிறீங்க?"

"ஒருத்தியாவது சிவப்பு கட்டுவான்னுதான். கட்டினா அவன் போயிடுவான்னு ஒரு நம்பிக்கை." அவள் தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "நானும் இதே வார்டுல சோதனை எழுதினவதான். எனக்கும் அந்த நாடி கெடைச்சுது. நானும் கறுப்புதான் கட்டினேன். எனக்கு அப்புறம் வந்தவளுங்களும் அதான். ஒருத்திகூட சிவப்பு கட்டல."

"அப்ப நான் ஃபெயிலா?"

கேப்டன் அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"பாஸ். நல்ல மார்க்கு. உத்தரவுக்குக் கட்டுப்பட்டல்ல? அதிகாரிக்கு அதுதான் வேணும்."

மறுநாள் பகல் கிளம்புவதற்கு முன் அர்லீன் யாருக்கும் சொல்லாமல் பழைய வார்டுக்குப் போனாள். கையில் ஒரு சிவப்புச் சீட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும். கோடிச் சுவர்முன் நின்று, "தம்பி, நான் வந்திருக்கேன்," என்றாள். "தப்பு பண்ணிட்டேன். கையைக் குடு. மாத்திக் கட்டிடறேன்."

பலகை இடுக்கு வழியே வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்தது. எந்தக் கையும் நீளவில்லை. அவள் நெடுநேரம் நின்றாள். கடைசியில் சீட்டைப் பைக்குள் திணித்து, தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு வந்தாள். பெயர்ந்த சிமெண்டு அதை உறிஞ்சிக்கொண்டது.

பதவியேற்பு அடுத்த மாதம். முகாம் மைதானத்தில் நல்ல வெயில். கொடி அசையக்கூடக் காற்றில்லை. அம்மா ஊரிலிருந்து புது உடுப்பில் வந்து, முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தாரிடம் எல்லாம், "என் பொண்ணு, லெப்டினென்ட்," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

புது அதிகாரிகள் வலது கையை உயர்த்தினார்கள். உறுதிமொழியின் முதல் வரியை அர்லீன் சொல்லத் தொடங்கியபோது, பக்கத்தில் தொங்கிய அவளுடைய இடது மணிக்கட்டில் ஏதோ பட்டது.

மூன்று விரல்கள்.

குளிர்ந்தவை. அவசரமில்லாதவை. நாடி பார்க்க நர்ஸ்கள் வைக்கிற இடத்தில், நர்ஸ்கள் வைக்கிற அழுத்தத்தில் அவை பொருந்தி நின்றன.

அவள் பக்கத்தில் யாரும் இல்லை. இடப்பக்க வரிசை ஒரு கை தூரம் தள்ளி இருந்தது. கையை உதற முடியாது, எல்லாரும் பார்க்கிறார்கள். குரல் நடுங்காமல் உறுதிமொழியைச் சொல்லி முடித்தாள். கைதட்டல் எழுந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து தோளில் பட்டையைக் குத்தினாள்.

"ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்க? பசியா?"

"ஒண்ணுமில்லம்மா."

மேடையில் கேப்டன் லகுனா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சார்ஜென்ட் டெல்ஃபின் எதிரே வந்து நின்று, குதிகால் சேர்த்து, முதல் சல்யூட் அடித்தார்.

"வாழ்த்துகள், மேம்!"

அவள் வலது கையை நெற்றிக்கு உயர்த்தினாள். இடது மணிக்கட்டில் அந்த விரல்கள் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தன.