பக்கத்து சீட்டைக் காலியா விடாதீங்க

அக்காவின் நர்சரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தொட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் கேட்டைத் திறந்துவிட்டு, என் வேனின் பின்கதவைத் தட்டிப் பார்த்து, "டூல்ஸ் எல்லாம் கொண்டாந்தியா மச்சான்?" என்றார்.

"இல்ல, வெறுங்கையால தடவிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. புல் வெட்டும் மெஷின், ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப் என்று சின்ன எஞ்சின்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவனுக்கு வாய் அப்படித்தான் ஆகிவிடும்.

ஷெட்டுக்குள் அது நின்றது. கோல்ஃப் மைதானத்திலும் பெரிய விடுதிகளிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகுமே, கதவில்லாத குட்டி வண்டி, அதுதான். பெட்ரோல் எஞ்சின். ஏரிக்கரையில் மூடிக்கிடந்த ஒரு விடுதியிலிருந்து அத்தான் பழசாக வாங்கி வந்திருந்தார். அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. நாற்றுக் கொட்டகையோ நர்சரியின் கடைசியில், குளத்தங்கரையில் இருக்கிறது. தினம் அங்கே போய்த் தன் கையால் மண்ணைத் தொடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு இந்த வண்டிதான் கால்.

"என்ன பண்ணுது அத்தான்?"

"தனியா ஓட்டினா திணறுது. உங்கக்காவைப் பக்கத்துல உக்கார வெச்சா சும்மா பறக்குது. காலை லேசா வெச்சாலே போதும், தானா போகுது."

"ஆள் ஏறினாத்தான் எஞ்சின் திணறும். நீங்க தலைகீழா சொல்றீங்க."

"நான் என்ன கதையா விடுறேன்? நேத்து அவளைக் கொட்டகையில இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். பாதியில நின்னுபோச்சு. மழையில அவ அங்கயே மாட்டிக்கிட்டா." அத்தான் குரலைத் தாழ்த்தினார். "அந்த விடுதி வாட்ச்மேன் வண்டியைக் குடுக்கும்போதே சொன்னான். 'பக்கத்து சீட்டைக் காலியா விடாதீங்க சார்'னான். பேச்சுத் துணைக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

"நல்ல வாட்ச்மேன். எஞ்சினுக்கு ஆயில் ஊத்துங்கன்னு சொல்லியிருந்தா உபயோகமா இருந்திருக்கும்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

சீட்டைத் தூக்கினால் எஞ்சின். இந்த வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். காலை எடுத்தால் அணைந்துவிடும். கால் இல்லாமல் வண்டி இல்லை.

பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி ஊதினேன். சுத்தம். ட்யூபில் எங்காவது வெடிப்பு இருந்து காற்று இழுக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வந்தேன். இல்லை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பிளக்கில் நீலமாக, கொழுத்த பொறி. பெல்ட் இறுக்கமாக இருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்குமோ என்று ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். விட்டால் இன்றைக்கெல்லாம் சுற்றும் போலிருந்தது.

ஒரு குறையும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. குறை இருக்கிற எஞ்சினைச் சரி செய்துவிடலாம், குறையே இல்லாததை என்ன செய்வது?

தனியாக ஓட்டிப் பார்த்தேன். செடி வரிசைகளுக்கு நடுவே சமதரைப் பாதைதான். ஆனால் மேடு ஏறுகிற மாதிரி முக்கியது. பின்னால் கரும்புகை. பெட்ரோல் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனையும் வந்தது. நாள்பட்ட தண்ணீர், அழுகிய பாசி.

காலை எடுத்தேன். எஞ்சின் அணைந்தது. எங்கும் சத்தமே இல்லை. இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பக்கத்து சீட் இருக்கும் பக்கம்.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன். ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் கழற்றி, இதை அங்கேயும் அதை இங்கேயுமாக மாற்றிப் போட்டேன். ஸ்பிரிங்கில் குறை இருந்தால் இப்போது மறுபக்கம் சாய வேண்டும். ஜாக்கியை மெதுவாக இறக்கினேன்.

அதே பக்கம் சாய்ந்தது.

பக்கத்து சீட்டின் ரெக்சின் நடுவில் குழிந்திருந்தது. கையை வைத்தேன். ஈரம். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

குழிவு மேலே எழும்பவில்லை.

இந்த இடத்தில் புத்தி உள்ளவன் டூல்ஸை அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடியிருப்பான். நான் மெக்கானிக். வேலையை முடிக்காமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அதைவிட, அக்கா வாசலில் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்திலும் என் கை வேலையைத்தான் தேடியது. காலியாக விடாதே என்றுதானே வாட்ச்மேன் சொன்னான்? மூலையில் கிடந்த உரமூட்டையைத் தூக்கி அந்த சீட்டில் போட்டேன்.

வண்டி நேராக நிமிர்ந்தது.

கனத்தை ஏற்றினால் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இது எழும்பியது. ஓட்டிப் பார்த்தேன். பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது, புகை இல்லை, திணறல் இல்லை. "பேய்க்கே ஸ்பேனர் போட்டாச்சு அத்தான்!" என்று கத்திச் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை.

அந்த சீட்டிலிருந்து எழுந்தது எங்கே போய் உட்காரும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பாவி, அதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "சரியாயிடுச்சாடா தம்பி? நாத்தெல்லாம் என்ன கதியில கெடக்கோ, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உரமூட்டையை நானே இறக்கி வைத்தேன். நானே அவளைப் பிடித்து ஏற்றினேன். அத்தான் குடை எடுக்க உள்ளே போனார். நான் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சாவி என் சட்டைப் பையில்.

தற்செயலாகத்தான் பார்த்தேன். அக்கா உட்கார்ந்திருக்கிறாள், அவள் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.

வண்டி டிரைவர் பக்கம் சாய்ந்திருந்தது.

"அக்கா, இறங்கு," என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

ஆக்சிலேட்டர் மெதுவாகக் கீழே போனது.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகி வண்டி குளத்துப் பாதையில் இறங்கியது. வளைவில் ஸ்டியரிங் திரும்பியது. தெரிந்த கை திருப்புகிற மாதிரி, அவசரமே இல்லாமல். "டேய் தம்பி! டேய்!" என்று அக்கா அலறினாள். நான் ஓடினேன். ஐயோ, அப்படி நான் வாழ்க்கையில் ஓடியதில்லை. கரையில் வைத்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டேன். இரண்டு பேரும் சேற்றில் உருண்டோம். அவள் தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

வண்டி தண்ணீருக்குள் போனது. முழுக்க முங்கிய பிறகும் எஞ்சின் சத்தம் நிற்கவில்லை. நெடுநேரம் குமிழி வந்துகொண்டிருந்தது.

அக்காவை என் வேனின் பின்பக்கம் படுக்கவைத்து, அத்தான் மடியில் அவள் தலையை வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வேன் கொஞ்சம் திணறியது. சேற்றில் இறங்கி வந்திருக்கிறது, பின்னால் இரண்டு பேர், திணறாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். முன்னால் என் பக்கத்து சீட் காலியாக இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குளத்தில் கிடந்ததை யாரும் வெளியே எடுக்கவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். டிஸ்சார்ஜ் அன்று காலை அத்தான் போன் செய்தார். "வண்டியைக் கொண்டா மச்சான். உங்கக்கா இப்பவே பெட்டைக் காலி பண்ணிட்டு உக்காந்திருக்கா."

தனியாகக் கிளம்பினேன். நல்ல தார் ரோடு, சமதரை. வேன் முக்கியது. கியரை மாற்றினேன், மறுபடி முக்கியது. கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. ஃபில்டராக இருக்கும், டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது அந்த வாசனை வந்தது.

பாசி.

எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். வேனின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். பக்கத்து சீட் இருக்கும் பக்கமாக வண்டி சாய்ந்திருந்தது. பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முன்பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "பின்னாடி வேணாம், முன்னாடி உக்கார்ந்தாத்தான் கால் நீட்ட வசதி," என்று அத்தான் சொல்வதும், சக்கர நாற்காலி மடங்குவதும் கேட்டன.

கதவு சாத்தப்பட்டது.

என் கைக்குக் கீழே பம்பர் நேராக நிமிர்ந்தது. பிறகு, மெதுவாக, டிரைவர் பக்கம் இறங்கியது.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, நீ வெளியவா நிக்கிற?" என்றாள், மூச்சுக் குரலில். "சீட்டு அசைஞ்சுதே. நீ ஏறிட்டேன்னுல்ல நெனச்சேன்."

சாவி என் கைக்குள் இருந்தது. வேன் ஸ்டார்ட் ஆனது. ஒரு திணறல்கூட இல்லை.