முள்ளுவிளைக் கல்லெறி வழக்கு

உச்சி வெயிலில் ஏட்டு தங்கையன் முள்ளுவிளைக்குச் சைக்கிளை மிதித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, மே மாதம். கருங்கல் சந்தையைத் தாண்டியதும் ரோடு செம்மண் பாதையாகி, இரண்டு பக்கமும் கைதைப் புதர் மண்டிக் கிடந்தது. காற்று அசையவில்லை. ஒரு காக்கை கூடக் கரையவில்லை.

அவர் சட்டைப் பையில் நேசபாய் கொடுத்த நான்காவது மனு இருந்தது. மனு தமிழில் இருந்தது. ஊர் அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்ததால் ஸ்டேஷன் ரெக்கார்டெல்லாம் மலையாளம். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வாசிக்க வராது. எனவே முதல் மூன்று மனுக்களும் மேஜை இழுப்பறையில் மடித்தது மடித்தபடியே கிடந்தன.

நேசபாய் ஐம்பத்தைந்து வயது கன்னி. கண் பாதி போய்விட்டது. தங்கை குளோரிக்குப் பிறவியிலேயே பேச்சு கிடையாது. உடம்பு வளர்ந்தது, மனசு ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. அப்பா விட்டுப்போன பத்து சென்ட் நிலத்தில், ஓட்டு வீட்டில் இருவரும் தனியாக இருந்தார்கள். அடுத்த வீடு சுந்தரராஜுடையது. தேங்காய் வியாபாரம், சர்ச் சபையில் பெரிய மனிதர். அவர் வீட்டுக்குக் கார் வர வேண்டுமென்றால் இந்தப் பத்து சென்ட் வேண்டும். மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். தரமாட்டோம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஓட்டின் மேல் கல் விழத் தொடங்கியது.

"ஏட்டய்யா, இங்க பாருங்க." நேசபாய் அவர் கையைப் பிடித்து அடுக்களை மூலைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கற்கள். "வீட்டுக்குள்ள விழுந்தது மட்டும் எடுத்து வச்சிருக்கேன். கிணத்துக் கயித்த ரெண்டு மட்டம் அறுத்தாச்சு. நடையில முள்ளு வெட்டிப் போடுதாவ. எனக்கிண்ணா கண்ணும் தெரியல்ல. கல்லு விழுந்தா இந்தப் பிள்ள கட்டிலுக்கு அடியில போயிரும். பொறவு ரெண்டு நாளு சோறு திங்காது."

கட்டிலுக்கு அடியிலிருந்து குளோரி எட்டிப் பார்த்தாள். நரைத்த தலை, குழந்தையின் கண்கள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, தாயைப் பிரிந்த கன்று முனகுவதுபோல.

தங்கையன் ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அதில் காய்ந்த சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருந்தது. சுந்தரராஜ் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மதில் சுவரை ஜன்னல் வழியே பார்த்தார். கல்லைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏட்டய்யா! வெயிலுல வந்திருக்கியள். ஒரு கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டுப் போலாமே." மதிலுக்கு அந்தப் பக்கம் சுந்தரராஜ் சிரித்தபடி நின்றார்.

காப்பி நன்றாகத்தான் இருந்தது. "மனுசன் எறியுத கல்லா இது?" என்றார் சுந்தரராஜ். "குட்டிச்சாத்தான் சேட்டை. ஊரெல்லாம் அப்பிடித்தான் சொல்லுது. அந்த ஊமைச்சி போடுத சத்தத்துக்கு எந்தப் பேயிதான் வராது?"

அன்று சாயங்காலம் தங்கையன் ஸ்டேஷனில் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினார்: கல் எறிந்தவர் எவரும் இல்லை. குட்டிச்சாத்தான் உபத்திரவம் என்று ஊரார் கூறுகின்றனர். மேல் நடவடிக்கை தேவையில்லை.

*

ஜூனில் மழை பிடித்தது. ஒரு திங்கட்கிழமை நேசபாய் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மைல் நடந்து ஸ்டேஷனுக்கே வந்தாள். இருவரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள்.

"இண்ணைக்கு விடியம்பவே தொடங்கியாச்சு ஏட்டய்யா. ஒரு போலீசு வந்து ஒரு நாளு எங்க வீட்டு நடையில நிண்ணாப் போரும். தொப்பியக் கண்டா எறியமாட்டாவ."

"நீங்க போங்க. சாயங்காலம் நான் வாறேன்."

"நிச்சயமா வருவியளா?"

"வாறேன்னு சொன்னேனே. கதவ அடச்சிட்டு வீட்டுக்குள்ள இரிங்க."

சாயங்காலம் மழை வலுத்தது. சைக்கிளில் காற்று குறைவாக இருந்தது. நாளைக்குப் போகலாம் என்று தங்கையன் நினைத்தார். மறுநாள் வேறு வேலை வந்தது. வியாழக்கிழமை கான்ஸ்டபிள் குமாரதாஸ் சொன்னான்: "ஏட்டய்யா, முள்ளுவிளையில அந்த வீட்டுக்குள்ள மூணு நாளா ஒரு முனகல் கேக்குதாம். அக்காக்காரியக் காணலியாம்."

"அது ஊமைச்சி போடுத சத்தம்லா. எப்பவும் உள்ளதுதான்."

சனிக்கிழமையோடு சத்தம் நின்றுவிட்டது. நல்ல வேளை நின்றது என்று ஊரில் சொன்னார்கள்.

எட்டாம் நாள் நாற்றம் வந்தது. அப்போதுதான் தங்கையன் போனார்.

நேசபாய் கிணற்றில் கிடந்தாள். மேலே தூக்கிப் போட்டபோது, பின்மண்டை உடைந்திருந்ததை அவர் மட்டும்தான் கவனித்தார். தண்ணீர் எடுக்கப் போகும்போது, தங்கைக்குக் கல் பட்டுவிடக் கூடாதென்று கதவை வெளியே கொண்டியிட்டுப் போயிருக்கிறாள். அந்தக் கொண்டியைத் தங்கையனே எடுத்தார். கதவின் அடிப்பலகை உள்பக்கம் நகத்தால் பிறாண்டப்பட்டிருந்தது. குளோரி கட்டிலுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

உயிர் இல்லை.

கிணற்றின் இடிந்த கைப்பிடிச் சுவரோரம் தேங்காய் அளவில் ஒரு கல் கிடந்தது. ஒரு பக்கம் சுண்ணாம்புச் சாந்து. தங்கையன் சுற்றிலும் பார்த்தார். குமாரதாஸ் குமட்டிக் குமட்டி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். கேஸ் என்று வந்தால் நான்கு மனுக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பூட்ஸ் காலால் கல்லைத் தள்ளினார்.

அது தண்ணீரில் விழுந்த சத்தம் நெடுநேரம் கேட்டது.

கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்த மரணம் என்று எழுதி ரெக்கார்டை மூடினார்.

*

ஆகஸ்டில் சுந்தரராஜ் ஸ்டேஷனுக்கு வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. வேட்டியை மாற்றிப் பல நாள் ஆனதுபோலிருந்தது.

"ஏட்டய்யா, எங்க வீட்டுல கல்லு விழுது. சரியா உச்சிக்கு. பத்து நாளாச்சு. வந்து பாருங்க, காலப் பிடிக்கேன்."

தங்கையன் குமாரதாஸையும் கூட்டிக்கொண்டு போனார். நல்ல பகல். மழை விட்டு வெயில் கண்ணைக் கூசவைத்தது. வீட்டைச் சுற்றி நான்கு பேரை நிறுத்தினார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நடு அறையில் உட்கார்ந்தார்கள். மேலே தேக்குப் பலகை மச்சு. ஒரு விரல் நுழைய இடமில்லை.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

அடித்து ஓய்ந்ததும் அறையில் ஈரம் ஏறியது. பாசி நாற்றம். பழைய தண்ணீரின் நாற்றம். சுந்தரராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

கல் மச்சிலிருந்து வரவில்லை. எங்கிருந்தும் வரவில்லை. மேஜைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இருந்தது, பிறகு தாழ்ந்தது. யாரோ கையில் ஏந்தி மெதுவாக வைப்பதுபோல மேஜைமேல் அமர்ந்தது. சத்தமே இல்லை.

அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஒரு பக்கம் சுண்ணாம்புச் சாந்து.

அந்தக் கல்லைத் தங்கையனுக்குத் தெரியும். பாதாளக்கரண்டி போட்டாலும் அது கிணற்றடிச் சேற்றிலிருந்து வந்திருக்காது.

அப்போது அறை மூலையில் கிடந்த கட்டிலுக்கு அடியில் அந்த முனகல் கேட்டது.

"குமாரதாஸு," என்று கிசுகிசுத்தார். "குனிஞ்சு பாரு."

குமாரதாஸ் குனிந்தான். குனிந்தவன் வெகுநேரம் எழும்பவில்லை. எழுந்தபோது முகத்தில் இரத்தமில்லை.

"என்னலே அங்க?"

கதவைத் திறந்து வெயிலில் இறங்கி நடந்தவன், தொப்பியைக்கூட எடுக்கத் திரும்பி வரவில்லை. பிறகு போலீஸ் வேலைக்கும் வரவில்லை.

"ஏதாவது செய்யுங்க ஏட்டய்யா," சுந்தரராஜ் அழுதார். "ஒரு போலீச இங்க நிறுத்துங்க. பிள்ளையளு ஒறங்கி எத்தன நாளாச்சு!"

"நீரு எறிஞ்ச கல்லுதான இது?"

சுந்தரராஜ் தலையை அசைத்தார். "பயங்காட்டத்தான் எறிஞ்சேன். அவ அப்பிடித் திரும்புவாண்ணு நெனைக்கல்ல."

அந்த வாரமே அவர் குடும்பத்தோடு குளச்சல் பக்கம் குடிபோனார். அந்த வீட்டை வாடகைக்கு எடுக்கக்கூட ஆள் வரவில்லை.

தங்கையன் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார். மனுக்கள், காப்பி, திங்கட்கிழமை, கிணற்றில் தள்ளிய கல் எல்லாவற்றையும் சொன்னார். கேஸ் எடுக்க வேண்டும், தன் மேலும் சேர்த்து என்றார்.

இன்ஸ்பெக்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தங்கையா, அது குட்டிச்சாத்தான்னு எழுதினது ஆரு? கால் வழுக்கினதுன்னு எழுதினது ஆரு? எல்லாம் ஒன் கையெழுத்து. போய்க் கொஞ்ச நாளு வேற ஊருல இரி."

*

சுசீந்திரத்துக்கு மாற்றல் வந்தது. வயலைப் பார்த்த வாடகை வீடு. நாற்றுப் பச்சையும் கோயில் மணியும் பஸ் சத்தமுமாக ஊர் கலகலவென்றிருந்தது. தங்கையன் பல நாளுக்குப் பிறகு நன்றாக உறங்கினார். அதுவரை பிறந்த வீட்டிலிருந்த மனைவி சத்தியபாயை வரவழைத்தார். முள்ளுவிளையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் வந்த நான்காம் நாள் மதியம் சாப்பிட வந்தார். அடுக்களையில் பேச்சுக்குரல் கேட்டது.

"ஆருட்ட பேசுத?"

சத்தியபாய் வெளியே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பொம்பளைய வந்திருக்காவ. ஒங்களக் காணணுமாம். பாவம், நல்லா நனஞ்சு போயிருந்தாவ. துணி குடுத்தேன்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"சின்னவளுக்குப் பேச்சு வராது போல. நல்ல பசி. ரெண்டு மட்டம் சோறு போட்டாச்சு, இன்னும் கை நீட்டுது."

தங்கையன் அடுக்களைக்குள் போனார். யாருமில்லை. தரையில் இரண்டு தட்டுகள். ஒன்று தொடப்படாமல் இருந்தது. மற்றது துடைத்தெடுத்ததுபோல் வெறுமையாக இருந்தது. தட்டைச் சுற்றிலும் தரை ஈரம்.

அன்று அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள், "செத்தாலும் பசிக்கும்லா," என்றாள். அவ்வளவுதான். பயந்தவளாகத் தெரியவில்லை. மறுநாளும் இரண்டு தட்டு வைத்தாள். அதற்கு மறுநாளும்.

சத்தியபாய் அவர்களைப் பார்த்தாள். பேசினாள். மூத்தவளுக்குக் கண் சரியில்லை என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தங்கையனுக்கு மட்டும் ஒரு நாளும் அவர்கள் தெரியவில்லை. ஒன்றிரண்டு தடவை வெறும் தரையைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்.

ஒரு மதியம் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஏட்டி, மூத்தவ என்னதான் சொல்லுதா? எம்மேல என்ன கோவம்?"

"கோவமா? கோவமே கெடையாது." சத்தியபாய் சோற்றைத் தட்டில் இட்டாள். "தினமும் ஒரே கேள்விதான் கேக்கா. ஏட்டய்யா வாறேன்னு சொன்னாரு, இன்னும் வரல்லியேண்ணு."

"நான் இங்கதான இருக்கேன்! ஒனக்கு முன்னால இருக்கேனே!"

"சொன்னேன். இன்னா இருக்காரு, பாருங்கண்ணு கையக் காட்டியும் குடுத்தேன்."

"பொறவு?"

"ஒங்க பக்கமாத் திரும்பித்தான் பாத்தா. அங்க ஆருமில்லியேங்கா."

தங்கையன் எழுந்தார். தட்டுகளுக்கு எதிரே மண்டியிட்டார். "வந்துட்டேன்," என்றார். "நேசபாயம்மா, நான் வந்துட்டேன்."

மூத்தவளின் தட்டு தொடப்படாமலே இருந்தது. அவர் கண்ணெதிரே சின்னவளின் தட்டிலிருந்து ஒரு பிடி சோறு குறைந்தது.