வாயாடியின் முட்டி

"தொண்ணூறு டிகிரி!" என்றார் பிசியோ அக்கா. அவர் கையிலிருந்த பெரிய கோணமானி வாயாடியின் முட்டிமேல் இருந்தது.

"கணக்குல ஒரு நாளும் வாங்காத தொண்ணூறை முட்டியில வாங்கிட்டாளே என் பொண்ணு!" என்று அம்மா கைதட்டிச் சிரித்தார்.

வாயாடிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து அவள் கால் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது முட்டி மடங்கவே மறுத்தது. அதைப் பழக்கத்தான் தினமும் மாலையில் இந்தப் பிசியோதெரபி அறைக்கு வருகிறாள். பன்னிரண்டு முறை மடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வரும்.

"இயேசப்பா ஏம்மா எனக்கு மட்டும் இப்படிப் பண்ணாரு?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"ஏன்னு எனக்குத் தெரியல தங்கம்," என்றார் அம்மா. "ஆனா சிலுவையில அவருக்கும் வலிச்சுது. நம்ம மேல வச்ச அன்புனால அதைத் தாங்கினாரு. அதனால உன் வலி அவருக்குப் புரியும். அது மட்டும் தெரியும்."

அந்தப் பதில் வாயாடிக்குப் பாதிதான் பிடித்தது.

இன்று அவள் கிளம்பும் நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் அலறல் கேட்டது. பட்டாணிதான். ஐந்து வயது. அவனுக்கும் முட்டிதான் பிரச்சினை. தொட்டாலே ஊரைக் கூட்டிவிடுவான். அவன் அப்பா லாரி ஓட்டுநர். ஆறடி ஆள், முறுக்கு மீசை. ஆனால் மகன் அழுதால் முதலில் அவர் மூக்குதான் சிவக்கும்.

"வலிக்காதுடா கண்ணு. வலிக்கவே வலிக்காது," என்றார் அவர்.

"பொய்! நேத்தும் இதைத்தான் சொன்னீங்க!"

பிசியோ அக்கா குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கும் மடக்கலைன்னா இறுகிப் போயிடும் அண்ணா. அப்புறம் மயக்க ஊசி போட்டுத்தான் மடக்கணும்."

வாயாடி ஊன்றுகோலோடு அப்படியே நின்றாள். அந்த வலி எப்படி இருக்கும் என்று பட்டாணியைத் தவிர அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அக்கா, நான் அவன்கூட இன்னொரு தடவை பண்ணட்டுமா?"

"பண்ணினா கெடுதல் இல்ல. ஆனா பன்னிரண்டும் மறுபடி வலிக்குமே?"

"தெரியும்." அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். அம்மா அவளைத் தூக்கிப் பட்டாணி பக்கத்தில் உட்கார வைத்தார்.

"டேய் பட்டாணி, வலிக்கும்," என்றாள் வாயாடி.

அழுகை சட்டென்று நின்றது. "ரொம்பவா?"

"ரொம்ப. அஞ்சாவது தடவைதான் ரொம்ப மோசம். கத்தணும்னா கத்து, நானும் கத்துவேன். ஆனா காலை மட்டும் இழுத்துக்கக் கூடாது. நான் முதல்ல, நீ அப்புறம். சரியா?"

பட்டாணி மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

ஒன்று. வாயாடி "ஆ!" என்றாள். பட்டாணி "ஆஆஆ!" என்றான். தன் சத்தம்தான் பெரிது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஐந்தாவதில் இருவரும் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்த ஒரு பெரியவர், "நான் நாளைக்கு வர்றேன்," என்று கிளம்பிவிட்டார்.

எட்டாவதில் வாயாடிக்குக் கண் இருட்டியது. 'இயேசப்பா, இது இவனுக்காக,' என்று மனதுக்குள் சொன்னாள். வலி குறையவில்லை. ஆனால் இந்த முறை 'ஏன் எனக்கு' என்று கேட்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டு.

"அறுபது!" என்று பட்டாணியின் முட்டியை அளந்து பிசியோ அக்கா கூவினார். "போன வாரம் இருபதுதான்!"

"அப்பா, வலிச்சுதுப்பா! ரொம்ப வலிச்சுது! ஆனா நான் மடக்கிட்டேன்!" என்று பட்டாணி குதிக்காத குறையாகக் கத்தினான். லாரி ஓட்டுநர் மீசை நனைய அழுதார்.

அம்மா வாயாடியை இறுக்கி அணைத்துக்கொண்டார். "உன்னை நெனச்சா எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

"இருக்காதா பின்னே?" வாயாடி நெஞ்சை நிமிர்த்தினாள். "மடக்கினது ஒரே முட்டிதாம்மா. அது இன்னிக்கு ரெண்டு பேருக்கு மடங்கியிருக்கு!"